நிற்கும் மரத்துக்கு அளவு சொல்வது யார்?

வரப்பு ஓரம் 20 ஆண்டுகளாக நின்ற தேக்கு மரங்களை விற்க முடிவு செய்கிறார் ஒரு விவசாயி. மகள் திருமணமோ, ஆழ்துளைக் கிணறோ, ஏதோ ஒரு அவசரம். வியாபாரி வருகிறார். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, நாலைந்து மரங்களைக் கையால் அணைத்துப் பார்த்து, அண்ணாந்து உச்சியைப் பார்த்து, "மொத்தமா இவ்வளவு தர்றேன்" என்கிறார். இன்னொரு வியாபாரி வந்தால் கொஞ்சம் கூடலாம், குறையலாம். இருவரில் யாரும் மரத்தில் எத்தனை கன அடி இருக்கிறது என்று சொல்வதில்லை. விவசாயிக்கும் தெரியாது. அறுவை மில்லில் கட்டை இறங்கிய பிறகுதான் உண்மை அளவு தெரியும். அப்போது மரம் அவருடையது அல்ல.

நெல்லுக்கு மூட்டை உண்டு, கரும்புக்கு எடை மேடை உண்டு, பாலுக்குக் கொழுப்புச் சத்து பார்க்கும் கருவி உண்டு. 20, 30 ஆண்டு காத்திருந்து விற்கும் மரத்துக்கு மட்டும் இன்றும் கண் மதிப்புதான். இந்தப் பழைய வழக்கம் இப்போது புதிய சிக்கலைக் கொண்டு வருகிறது. மரத்தின் அளவைக் கணக்கிடும் வேலை மெல்ல மெல்ல இணையதளங்களுக்கும் கார்பன் நிறுவனங்களுக்கும் போகத் தொடங்கியிருக்கிறது. அதே நேரத்தில், விவசாயியே தன் மரத்தை அளந்துகொள்ள உதவும் ஒரு தொழில்நுட்பமும் கைக்கெட்டும் விலைக்கு வந்திருக்கிறது. சாதாரணக் கைப்பேசிப் படங்களிலிருந்து மரத்தின் முப்பரிமாண உருவத்தை எடுக்கும் ஒளிப்பட அளவீடு, அதாவது போட்டோகிராமெட்ரி, தான் அது.

இந்தத் தொழில்நுட்பம் என்ன செய்யும், என்ன செய்யாது, யாருக்கு உதவும் என்பதை இப்போதே பேசி வைப்பது நல்லது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 ஜூன் மாதம், மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம் விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. இவை மாதிரி விதிகள்தான். மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் நடைமுறைக்கு வரும். ஆனால் அவை காட்டும் திசை தெளிவாக இருக்கிறது. தேசிய மர மேலாண்மை அமைப்பு என்ற இணையதளத்தில் விவசாயி தன் தோப்பைப் பதிவு செய்ய வேண்டும். 10 மரங்களுக்கு மேல் வெட்டுவதானால் சரிபார்ப்பு முகமை நேரில் வந்து மதிப்பிடும். 10 மரங்கள் வரை என்றால் விவசாயி மரங்களின் படங்களைப் பதிவேற்றினால் போதும். கிடைக்கக்கூடிய மரத்தின் அளவை அமைப்பே மதிப்பிட்டுத் தடையின்மைச் சான்று தரும்.

அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. மரம் வளர்த்தால் வெட்ட விடமாட்டார்கள் என்ற பயத்தாலேயே பலர் தேக்கும் சந்தனமும் நடத் தயங்குகிறார்கள். அந்தப் பயம் குறையட்டும். ஆனால் படத்தைப் பார்த்து அளவு மதிப்பிடுவது என்ற இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரே ஒரு படத்திலிருந்து எதன் அளவையும் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கும் சிறிய மரமும் தூரத்தில் நிற்கும் பெரிய மரமும் படத்தில் ஒரே பருமனாகத் தெரியும். படத்துக்குள் நீளம் தெரிந்த ஒரு பொருள் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கோணங்களில் படம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத மதிப்பீடு, வியாபாரியின் கண் மதிப்பைக் கணினிக்கு மாற்றிய கதைதான்.

இரண்டாவது காரணம் கார்பன். வேளாண் துறையில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கான வழிகாட்டு நெறியை மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. மரம் வளர்ப்போரிடம் ஒப்பந்தம் போட நிறுவனங்கள் கிராமங்களுக்கு வருகின்றன. அங்கே விற்கப்படும் பொருளே அளவுதான். மரம் எவ்வளவு பருத்தது என்ற எண்ணைத் தவிர அதில் வேறு சரக்கு கிடையாது.

மூன்றாவது, நம் மாநிலம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. காப்புக்காடுகளுக்குள் மட்டும் நட்டு இந்த இலக்கை எட்ட முடியாது. பெரும் பங்கு பட்டா நிலங்களில் வளர வேண்டும். நட்ட கன்றுகளை எண்ணுவது எளிது. ஐந்து ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு நிற்கின்றன, எவ்வளவு பருத்தன என்று அளப்பதுதான் கடினம். இயக்கத்தின் வெற்றியைச் சொல்வது அந்த இரண்டாவது கணக்குதான்.

படம் எப்படி அளவாகிறது?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தடுமாறுவீர்கள். இரண்டு கண்களும் சற்றே வேறு கோணங்களில் பார்ப்பதால்தான் மூளைக்குத் தொலைவு புரிகிறது. ஒளிப்பட அளவீடும் இதையே செய்கிறது. ஒரு மரத்தைச் சுற்றி வந்து 30, 40 படங்கள் எடுத்தால், பட்டையில் உள்ள ஒவ்வொரு வெடிப்பும் முடிச்சும் பல படங்களில் இடம் மாறித் தெரியும். அந்த இடமாற்றத்தைக் கொண்டு ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது, ஒவ்வொரு வெடிப்பும் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கணக்கிடுகிறது. முடிவில் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆன மரத்தின் உருவம் கணினியில் நிற்கும். அதை எந்த உயரத்திலும் குறுக்கே வெட்டிச் சுற்றளவு பார்க்கலாம்.

இந்த யோசனை புதியதல்ல. ஜெர்மனியின் கட்டடக்கலை வல்லுநர் ஆல்பிரெக்ட் மெய்டன்பாவர் 1858-ல் வெட்ஸ்லர் தேவாலயத்தை ஏறி அளந்தபோது கீழே விழப் பார்த்தார். ஏறாமலேயே படத்தை வைத்து அளக்க முடியாதா என்று அவர் யோசித்ததிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. 'போட்டோகிராமெட்ரி' என்ற சொல்லும் அவர் தந்ததே. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, எட்டாத உயரத்தை ஏறாமல் அளப்பது என்ற அதே தேவையோடு நாம் மரத்தடியில் நிற்கிறோம்.

மாறியிருப்பது விலை. காட்டை அளக்கப் பயன்படும் லேசர் வருடிக் கருவிகள் பல லட்சம் ரூபாய் ஆகும். அவை ஆராய்ச்சி நிலையங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். ஒளிப்பட அளவீட்டுக்கு ஓரளவு நல்ல கேமரா உள்ள கைப்பேசி போதும். மெஷ்ரூம், கோல்மேப், ஓப்பன்ட்ரோன்மேப், புள்ளி உருவத்தைத் திறந்து அளக்க கிளவுட்கம்பேர் என மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவு பிடிப்பது கணினிக்குத்தான். நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள ஒரு மடிக்கணினி வேண்டும். அதை ஒவ்வொரு விவசாயியும் வாங்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

சில விலை உயர்ந்த கைப்பேசிகளில் லேசர் உணரியே இருக்கிறது. 2020-ல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் இந்த வசதி உண்டு. ஆனால் அதன் எட்டம் சுமார் 5 மீட்டர்தான். மார்பு உயரத்தில் அளக்க வசதியானது. உயர்ந்த தண்டுக்குப் போதாது.

டேப் இருக்கும்போது கேமரா எதற்கு?

நியாயமான கேள்வி. தையற்காரர் டேப்பையோ நாரிழை டேப்பையோ தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பிடித்தால் மார்பு உயரச் சுற்றளவு கிடைத்துவிடும். வனத்துறை முதல் ஆராய்ச்சி நிலையம் வரை எல்லோரும் ஏற்கும் அளவு அது. பல நாடுகளில் நடந்த சோதனைகளில், கைப்பேசிப் படங்களிலிருந்து எடுத்த விட்டத்தின் பிழை பொதுவாக 1 முதல் 3 சென்டிமீட்டர் வரை இருக்கிறது. கவனமாகப் பிடித்த டேப் அதைவிடத் துல்லியமானது. ஆகவே மார்பு உயரத்தை மட்டும் அளக்கக் கேமரா தேவையே இல்லை. இதைச் சொல்லாமல் தொழில்நுட்பத்தைப் புகழ்வது சரியல்ல.

கேமராவின் வேலை டேப் எட்டாத இடத்தில் தொடங்குகிறது. கட்டை மரக் கணக்கு மார்பு உயரச் சுற்றளவை வைத்துப் போடப்படுவதில்லை. கட்டையின் நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவதுதான் நம் மர வியாபாரத்தில் நெடுங்காலமாக இருக்கும் கால் சுற்றளவு முறை. கிளை பிரியும் வரை 6 மீட்டர் தண்டு உள்ள மரத்தில் அந்த நடுப்பகுதி 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு மரத்திலும் டேப் பிடிப்பவர் யார்? அங்கேதான் கண் மதிப்பு நுழைகிறது. பேரத்தின் லாபமும் நட்டமும் அந்த 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் தண்டு. நடுச் சுற்றளவு உண்மையில் 81 சென்டிமீட்டர். கால் சுற்றளவு முறையில் 0.246 கன மீட்டர், அதாவது 8.7 கன அடி வரும். அதையே 75 சென்டிமீட்டர் என்று மதிப்பிட்டால் 7.4 கன அடிதான். 6 சென்டிமீட்டர் வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரத்துக்கு ஒன்றேகால் கன அடி, நூற்றுக்கு 14 பங்கு போய்விடுகிறது. தோட்டத்தில் இப்படி 200 மரங்கள் இருந்தால் சுமார் 248 கன அடி. உங்கள் ஊரில் தேக்குக்குக் கன அடிக்குச் சொல்லும் விலையால் இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு கழிவும் ஒளிந்திருக்கிறது. கால் சுற்றளவு முறையே உருளையின் உண்மைக் கன அளவில் 78.5 விழுக்காட்டைத்தான் காட்டும். மேலே சொன்ன மரத்தின் முழுக் கன அளவு சுமார் 11 கன அடி. அறுக்கும்போது போகும் சிராய், பட்டை ஆகியவற்றுக்கான கழிவு என்று இதற்கு நியாயம் சொல்லப்படுகிறது. அது ஏற்கத்தக்கதே. ஆனால் முறையிலேயே 21.5 விழுக்காடு கழிந்த பிறகு, "பட்டைக்குக் கழிக்கணும்" என்று மறுபடியும் கேட்டால், ஒரே செலவை இரண்டு முறை கட்டுகிறோம் என்று விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேமராவின் இரண்டாவது பயன் சாட்சியம். டேப் அளவு ஒரு எண். எழுதியவர் சொல்வதை நம்ப வேண்டும். முப்பரிமாண உருவம் அப்படியல்ல. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் அதைத் திறந்து மறுபடியும் அளக்கலாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது காவிரிக் கடைமடையிலும் புதுக்கோட்டைப் பக்கமும் தென்னையோடு சேர்ந்து தேக்கும் பலாவும் சாய்ந்தன. முந்தின நாள் வரை தோட்டத்தில் எத்தனை மரம், என்ன பருமனில் நின்றது என்று காட்டும் பதிவு எத்தனை பேரிடம் இருந்தது? சாலை விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. மரம் போன பிறகு அளவைப் பற்றி வாதாட முடியாது.

படம் எடுக்கும் முறை

ஆர்வமுள்ளவர்கள் ஒரு மரத்தில் செய்து பார்க்கலாம். காற்று அசையாத காலை நேரம் நல்லது. மேகமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. கடும் வெயிலில் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கருத்துவிடும். தண்டைச் சுற்றியுள்ள புல், கொடிகளை அகற்றுங்கள். 1.37 மீட்டர் உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள்.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து மரத்தடியில் சாய்த்து வையுங்கள். இரண்டு குச்சிகள் வைத்தால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாம். இந்தக் குச்சிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. உருவத்துக்கு அளவு கொடுப்பது அதுவே. குச்சியில் 2 விழுக்காடு தவறு இருந்தால் கன அளவில் ஏறக்குறைய 6 விழுக்காடு தவறு வரும்.

மரத்திலிருந்து 2, 3 மீட்டர் தள்ளி நின்று, அடிக்கொரு தரம் நின்று படம் எடுத்தபடி ஒரு முழுச் சுற்று வாருங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தின படத்தின் நாலில் மூன்று பங்காவது மறுபடி தெரிய வேண்டும். பிறகு கைப்பேசியைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து இரண்டாவது சுற்று. உயரமான தண்டுக்குத் தள்ளி நின்று மூன்றாவது சுற்று. ஜூம் பயன்படுத்தக் கூடாது. அகலக் கோண லென்ஸும் வேண்டாம். இடையில் லென்ஸை மாற்றவே கூடாது. ஒரு மரத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும்.

சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் கணக்கிட வேண்டும். நாலரை அடிக்குக் கீழேயே கவை பிரிந்தால் இரண்டு மரங்களாகக் கொள்ள வேண்டும். சாய்ந்த மரத்தில் தண்டின் போக்கிலேயே நீளம் பார்க்க வேண்டும். கேமரா வந்தாலும் இந்தப் பழைய விதிகள் மாறுவதில்லை.

200 மரங்களையும் படமெடுக்க வேண்டுமா? வேண்டாம். எல்லா மரத்தையும் டேப்பால் மார்பு உயரத்தில் அளந்து, எண் போட்டு, நோட்டில் எழுதுங்கள். பருமன் வாரியாக நான்கு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து மரங்களை மட்டும் படமெடுத்தால் 20 மரங்கள். மார்பு உயரச் சுற்றளவுக்கும் நடுச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் ஒவ்வொரு வகுப்புக்கும் கிடைத்துவிடும். அதை மற்ற மரங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கும்போது நல்ல மரங்களாகவே பார்த்து எடுத்தால் கணக்கு பொய்த்துவிடும். ஐந்தாவது, பத்தாவது என்று வரிசைப்படி எடுங்கள்.

1850-களில் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளைக் கணக்கெடுத்த டீட்ரிச் பிராண்டிஸும் காடு முழுவதையும் அளக்கவில்லை. பாதைகளின் இருபுறமும் தெரிந்த தேக்கு மரங்களைப் பருமன் வாரியாக எண்ணி, மூங்கில் துண்டுகளில் கத்தியால் வெட்டுக்குறி இட்டுக்கொண்டே போனார். மாதிரி எடுத்து முழுமையைக் கணிப்பது என்ற அந்த அறிவு இன்றும் அப்படியே இருக்கிறது. மூங்கில் துண்டுக்குப் பதில் கைப்பேசி வந்திருக்கிறது.

கேமராவுக்குத் தெரியாதவை

மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. வைரம் எவ்வளவு பாய்ந்திருக்கிறது, உள்ளே பொந்து இருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் வராது. சந்தனத்துக்கும் செம்மரத்துக்கும் விலையே வைரத்துக்குத்தான். ஆகவே அவற்றின் மதிப்பை வெளி உருவத்திலிருந்து சொல்ல முயல்வது வீண்.

மரத்தின் முழு உயரமும் கீழிருந்து எடுக்கும் படங்களில் சரியாக வராது. இலை மறைக்கும், காற்றில் கிளை ஆடினால் மென்பொருள் குழம்பும். மேலிருந்து டிரோன் படம் எடுத்தால் தலைப்பு நன்றாகத் தெரியும். ஆனால் அடர்ந்த தோப்பில் தரை தெரியாது. தரை தெரியாவிட்டால் உயரம் எங்கிருந்து என்ற கேள்வி வந்துவிடும். இலையுதிர்ந்த தேக்குத் தோப்பைக் கோடையில் டிரோனால் பார்ப்பது ஒரு வழி. வரப்பு ஓர மரங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதன் பயன் வேறு. சவுக்கு டன் கணக்கில் விற்கிறது; கடைசி வார்த்தை எடை மேடையுடையதுதான். தோப்பை மொத்தமாக விலை பேசாமல் எடைக்கு விற்பதே அங்கே முதல் பாதுகாப்பு. சிறு சிறு மாதிரிப் பாத்திகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து வந்தால், வளர்ச்சி எப்போது மந்தமாகிறது, வெட்டுவதற்கு ஏற்ற காலம் எது என்று தெரியும். அதற்கும் டேப்பே போதுமானது.

காடுகளுக்குள் வேறொரு வேலை காத்திருக்கிறது. முதுமலை, சத்தியமங்கலம் பகுதிகளில் பரவிய மஞ்சள் கொன்றை என்ற அயல் மரத்தை அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்பும் பணி நடந்து வருகிறது. ஒரு ஹெக்டேரில் எத்தனை டன் நிற்கிறது, அகற்றிய இடத்தில் நம் மரங்கள் திரும்ப எவ்வளவு வளர்கின்றன என்று வெட்டாமல் அளந்து சொல்ல இந்த முறை உதவும்.

கார்பன் பேச்சில் கவனம்

கார்பன் வரவு தருகிறோம் என்று வருவோரிடம் பெரிய தொகைகள் பேசப்படுகின்றன. ஒரு சின்னக் கணக்கு. உலர் எடையில் 200 கிலோ உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 47 விழுக்காடு கார்பன், 94 கிலோ. கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.67-ஆல் பெருக்கினால் சுமார் 345 கிலோ. ஒரு கார்பன் வரவு என்பது ஒரு டன். அதாவது இப்படிப்பட்ட மூன்று மரங்கள், நட்ட நாள் முதல் வளர்ந்து சேர்த்த மொத்தமும் சேர்ந்து, ஏறக்குறைய ஒரு வரவு. ஆண்டுதோறும் ஒவ்வொரு மரமும் ஒரு வரவு தரும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

இங்கே அளவில் வரும் பிழை யார் தலையில் விழுகிறது என்பதும் முக்கியம். விட்டத்தில் 5 விழுக்காடு தவறினால் மர எடையில் 10 விழுக்காட்டுக்கும் மேலே தவறும். அளவில் நிச்சயமின்மை கூடக் கூட, வழங்கப்படும் வரவுகளைக் குறைத்துக்கொள்வது கார்பன் சந்தையின் நடைமுறை. துல்லியமில்லாத அளவீட்டின் விலையை விவசாயிதான் கட்டுகிறார். என்னிடம் ஒரு விவசாயி காட்டிய ஒப்பந்தத்தில், மரங்களை யார் அளப்பது, எப்போது அளப்பது, அளந்த விவரம் அவருக்குக் கிடைக்குமா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனை ஆண்டு மரத்தை வெட்டக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, மாதிரி விதிகளைத் தமிழகம் ஏற்கும்போது, படம் பதிவேற்றும் இடத்தில் அளவுக் குச்சியைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு மரத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று கோணங்களில் படம் கேட்க வேண்டும். அமைப்பு எந்தச் சூத்திரத்தால் கன அளவைக் கணக்கிடுகிறது என்று தமிழில் வெளியிட வேண்டும். கிடைத்த எண் தவறு என்று தோன்றினால் விவசாயி மறு அளவீடு கேட்க வழி இருக்க வேண்டும். ஏனென்றால் அரசு இணையதளம் காட்டும் எண்ணைத்தான் நாளை வியாபாரியும் பேரத்தில் காட்டுவார்.

இரண்டாவது, வரப்பு மரங்களுக்கான கன அளவு அட்டவணைகள் வேண்டும். இப்போது புழக்கத்தில் உள்ள பல சமன்பாடுகள் காட்டிலும் தோட்டக் காடுகளிலும் வளர்ந்த மரங்களை வெட்டி அளந்து உருவாக்கியவை. நெருக்கமாக நின்ற மரம் வெளிச்சம் தேடி நெடுகப் போகும். வரப்பில் தனியாக, நீர் பாய்ந்து நின்ற மரம் அடி பருத்து, சீக்கிரம் கிளைத்து, மேலே விரைவாக ஒல்லியாகும். ஒன்றின் அட்டவணை மற்றதற்குப் பொருந்தாது. அந்த அட்டவணையைத் தயாரிக்க முன்பு நூற்றுக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. எந்த விவசாயி சம்மதிப்பார்? நிற்கும் மரத்தைப் படமெடுத்தே இதைச் செய்ய முடியும் என்பதுதான் ஒளிப்பட அளவீட்டின் மிகப் பெரிய பலன் என்று நான் கருதுகிறேன். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் போன்றவை மாவட்டம் மாவட்டமாக இதை எடுத்துச் செய்யலாம். மலைவேம்பு, மகோகனி போன்று அண்மையில் பரவிய மரங்களுக்கு இது உடனடித் தேவை.

மூன்றாவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதை ஒரு சேவையாக நடத்தலாம். ஒரு மடிக்கணினி, பயிற்சி பெற்ற ஒரு இளைஞர், இரண்டு அளவுக் குச்சிகள் இருந்தால் பல கிராமங்களுக்குப் போதும். மண் பரிசோதனைக்கு மாதிரி கொடுப்பதுபோல, மரம் விற்கும் முன் அளவுச் சீட்டு வாங்கும் பழக்கம் வர வேண்டும். பல விவசாயிகளின் மரங்களை அளவோடு பட்டியலிட்டு ஒன்றாக ஏலம் விட்டால், வியாபாரிக்கும் வசதி. வாங்குவது இன்னதென்று தெரிந்தால், நட்டத்துக்குப் பயந்து அவர் விலையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. நேர்மையான வியாபாரி இதை வரவேற்பார்.

நான்காவது, கார்பன் ஒப்பந்தம் போடுவோர் ஒரு நிபந்தனையை விடாமல் கேளுங்கள்: என் மரங்களை அளந்த விவரமும் படங்களும் எனக்கு ஒரு பிரதி தரப்பட வேண்டும். உங்கள் தோட்டத்தில் எடுத்த அளவு உங்களுக்கே கிடைக்காது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவையெல்லாம் நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே ஒரு டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, நாலரை அடி உயரத்தில் சுற்றளவை எழுதி, தேதி போடுங்கள். அளவுக் குச்சியோடு சில மரங்களைச் சுற்றிப் படமெடுத்து வையுங்கள். அடங்கலில் மரங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடி அளந்தால், எந்த மரம் பருக்கிறது, எது நின்றுவிட்டது என்று தெரியும். அதை வைத்தே களைப்பு வெட்டுக்கு மரம் தேர்ந்தெடுக்கலாம்.

பிறகு வியாபாரி வந்து அண்ணாந்து பார்த்து ஒரு தொகை சொல்லும்போது, நீங்கள் நோட்டைத் திறந்து, "மொத்தமா வேண்டாங்க, கன அடிக்கு என்ன விலைன்னு சொல்லுங்க" என்று கேட்கலாம்.